கிணற்றடியில் இறங்கிய யோகம்

கிணற்றடியில் மண் இறங்கினால் சரிசெய்வது என் தொழில். கூப்பிடுகிறவர்கள் முதலில் உடைந்த செங்கலைக் கொட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் மேலே டைல்ஸ் ஒட்டிப் பார்ப்பார்கள், டைல்ஸும் உள்ளே போன பிறகுதான் என் நம்பரைத் தேடுவார்கள். வீட்டில் கிணறு வைத்திருக்கும் புண்ணியவான்களே, நீங்களும் அப்படித்தான், எனக்குத் தெரியும்.

ஈசானிய மூலை

மர்பி டவுனில் தேவராஜ் சார் வீடு. அவர் மனைவி கலாவதியக்காதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். முற்றத்தின் வடகிழக்கு மூலையில் உறைக்கிணறு. அதை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு மண் இறங்கியிருந்தது. மொட்டை மாடி மழைத்தண்ணீர்க் குழாய் நேராக அங்கேதான் கொட்டுகிறது, மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதே முற்றத்தில் மகள் சுகன்யாவுக்கு நிச்சயதார்த்தம். யாராவது கால் வைத்து உள்ளே போய்விட்டால்? அக்காவுக்கு அதே பயம். சார் முகத்திலோ ஆனந்தம். ஈசானியம் தாழ்ந்தால் வீட்டுக்கு நல்லது என்பது அவர் படித்த வாஸ்து.

"மேஸ்திரி, இது எறங்குன மாசமேதான் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுது. இது பள்ளம் இல்ல, யோகம். ஒரு கூடை மண்ணு கொட்ட விடமாட்டேன்."

ஷாமியானா

செவ்வாய்க்கிழமை ஷாமியானாக்காரர் ரஃபீக் பாய் வந்து, அளவு பார்க்க அந்த மூலையில் ஒரு கம்பத்தை ஊன்றிவிட்டுப் போனார். அன்று மாலை நல்ல மழை. மறுநாள் கம்பத்தில் பாதியைக் காணோம். அக்கா அவரையும் என்னையும் ஒன்றாக வரவழைத்தார். ரஃபீக் பாய் கம்பத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"அரே சார், எட்டடி கம்பம் நட்டேன், நாலடிதான் மிச்சம். மாப்ள வீட்டுக்காரங்க தவழ்ந்து வருவாங்களா?"

எலுமிச்சம்பழம்

சார் வழிக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு: வேலை முடிந்த பிறகும் ஈசானியம் தாழ்வாகவே இருக்க வேண்டும். தண்ணீர் கிணற்றை விட்டு விலகி ஓட வேண்டும் என்பது என் நிபந்தனை. தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். மழைக்குழாயைத் தெருப்பக்கம் திருப்பினேன். கெட்டி மண் வரும்வரை தோண்டி, அரை அடிக்கு ஒருமுறை செம்மண்ணும் ஜல்லியும் போட்டு இடித்தோம். கிணற்றைச் சுற்றிச் சற்றே மேடான சிமெண்ட் தளம், அதைச் சுற்றித் தெருவுக்குப் போகும் வாய்க்கால். மீதி முற்றத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி, வாய்க்கால் பக்கம் சரியும்படி கல் பாவினேன்.

ஆள் பற்றவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில் இந்தக் கிணற்றில் இறைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு சுற்று மண் இடிக்கும் திமிசுக்கட்டை பிடித்தார்கள். கல்யாணப் பெண்ணும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இடித்தாள். இத்தனை சிரிப்போடு நான் மண் இடித்ததே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. சரிவு பார்க்கும் என் ரசமட்டத்தை சார் நம்பவில்லை. தென்மேற்கு மூலையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது மெல்ல உருண்டு, முற்றத்தைக் கடந்து, கிணற்றோர வாய்க்காலில் விழுந்தது. சுகன்யா கைதட்டினாள்.

"அப்பா, பழமே ஒத்துக்கிச்சு. நீங்களும் ஒத்துக்கங்க."

சம்பந்தி

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா நல்ல கனமான மனிதர். நாற்காலியை இழுத்து, சரியாகப் பள்ளம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். தட்டு மாற்றும்வரை நானும் அக்காவும் அந்த நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அவர், ஈஜிபுராவில் தங்கள் வீட்டிலும் ஈசானியத்தில் கிணற்றடி இறங்குவதாகவும், அதிர்ஷ்டம் என்று விட்டுவைத்திருப்பதாகவும் பெருமையாகச் சொன்னார். தேவராஜ் சார் முகம் வெளுத்துவிட்டது. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"சம்பந்தி, அது யோகம் இல்ல, பள்ளம்! எம் பொண்ணு நடக்கப்போற எடம். மொதல்ல இவர் நம்பரை எழுதிக்கங்க!"

பள்ளத்தை யோகம் என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கும்வரை, யோகம் எனக்குத்தான்.