பாதிச் சாட்சி

இந்த ஊர்க்காரர் ‘ஓம்’ என்று ஆமோதிக்கும்போது மூச்சை வெளியே விடுவதில்லை, உள்ளே இழுக்கிறார்கள். நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. முதல் வாரம் மேற்பார்வைக்காரியிடம், பெட்டியை இங்கே வைக்கட்டுமா என்று கைச்சாடையில் கேட்டேன். அவள் திடுக்கிட்டவள் போல ‘ஹ்யா’ என்று மூச்சை இழுத்தாள். பிழை செய்துவிட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். மறுபடி வைத்தேன், மறுபடி இழுத்தாள், மறுபடி தூக்கினேன். அது சம்மதம் என்று விளங்க ஒரு வாரம் சென்றது. மட்டக்களப்பில் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் ஏன் பயந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. இந்த யுத்த வருடங்களில் நம் வீடுகளில் அப்படி மூச்சிழுத்தவர்கள் எல்லாம் கெட்ட செய்தி கேட்டவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்கு மேலே உள்ள ஜெப வீட்டுக்குப் போவேன். இருபது பேர் வருவார்கள், எல்லாரும் வயதானவர்கள். அன்பாகத் தலையசைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைக் காலியாக விட்டு உட்காருவார்கள். பாட்டுகளின் மெட்டு எனக்குத் தெரியும், சொற்கள் தெரியாது. தமிழில் முணுமுணுப்பேன். போன குளிர்காலத்தில், அங்கே கோப்பி ஊற்றும் இங்கா என்ற கிழவி, யுத்த பூமியில் கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி கேட்டாள். என் அறையில் இருக்கும் சிவனேசன் மொழிபெயர்க்க வந்தான். அவன் யாழ்ப்பாணத்தான், முருக பக்தன். என்னைவிட நன்றாக அவர்களின் பாஷை பேசுவான்.

ஊரில் நான் சபை ஊழியத்தில் இருந்தவன். சனிக்கிழமை பின்னேரங்களில் செட்டிபாளையத்துக்குச் சைக்கிளில் போய் வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுப்பேன். பூரணம் அக்கா ஒருநாளும் மறுக்கமாட்டா. வாங்கி, மடித்து, அரிசிப் பேணிக்கு மூடியாக வைப்பா. “எங்களுக்குக் கோயில் இருக்கு தம்பி. வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்பா. அவ்வளவுதான் என் ஊழியத்தின் பலன்.

அவர்களுடைய வயலும் எங்களுடைய வயலும் ஒரே வட்டையில், ஒரே வயல்வெளியில் இருந்தன. ஓர் அறுவடைக் காலத்தில், விடியற்காலையில் வட்டைக்குப் போனவர்கள் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டார்கள். அதில் பூரணம் அக்காவின் புருசன் நல்லதம்பியும் இருந்தார், என் அண்ணன் அருள்ராசாவும் இருந்தான். அன்று பின்னேரம் அக்கா எங்கள் படலையடியில் வந்து நின்றா.

“உங்கட கர்த்தரிட்ட இவரையும் சேர்த்துக் கேளுங்க தம்பி. நான் எங்கட அம்மனிட்டயும் கேட்டுட்டுத்தான் வாறன்.”

முற்றத்து மணலில் முழங்காலிட்டு இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி ஜெபித்தேன். எழும்பியபோது அவ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா. “ரெண்டு பேரும் வருவாங்க அக்கா. கர்த்தர் எனக்குக் காட்டிட்டார்” என்றேன். கர்த்தர் எனக்கு எதையும் காட்டவில்லை. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் நல்லதம்பி வந்தார். ஒரு காது கேட்கவில்லை. மற்றக் காதருகே குனிந்து அண்ணனைப் பற்றிக் கேட்டேன். “அருள முதல்நாளே வேற லொறியில ஏத்தினாங்க. மறுகா நான் காணல்ல தம்பி” என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

இரண்டு மாதத்தில் பூரணம் அக்கா வாவியில் ஞானஸ்நானம் எடுத்தா. சபை கைதட்டிப் பாடியது. இது உன் ஊழியத்தின் கனி என்றார்கள். போதகர் என் தோளில் கைவைத்து, அண்ணனுடைய காரியம் தேவ சித்தம் என்றார். நனைந்த தலையோடு அக்கா கரையேறி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தா. அந்த நேரம் அவமேல் எனக்கு வந்த எரிச்சலை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் வெளிநாட்டுக்கு வழி கிடைத்தபோது, இதுவும் தேவ சித்தம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பயம். பயத்துக்கு நான் வைத்த பெயர் தேவ சித்தம்.

ஜெப வீட்டில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். ஆனால் நல்லதம்பியை மட்டும் கொண்டுபோய், நல்லதம்பியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தேன். கிழவிகள் ‘ஹ்யா, ஹ்யா’ என்று மூச்சிழுத்தார்கள். இங்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பி வரும் வழியில் சிவனேசன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். பிறகு பனியில் நின்று கேட்டான்.

“உம்மடை அண்ணன் எங்கை?”

“அவங்களுக்கு அது விளங்காது சிவா.”

“நான் மொழிபெயர்க்கிறனான். நீர் சொன்னால்தானே நான் சொல்லலாம். பேரையே எடுக்கேல்லை நீர்.”

சில வாரங்களில் பூரணம் அக்காவின் கடிதம் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதுவா: “அருள் தம்பிட பேரை ஒவ்வொரு ஞாயிறும் சபையில சொல்றன். போதும் அக்கா, தேவ சித்தத்துக்கு விடுங்க எண்டு போதகர் சொல்றார். என்னால ஏலாது. ரெண்டு பேருக்கும் கேட்டம், எனக்கு மட்டும் தந்தா நான் எப்படி நிம்மதியா இருக்கிற? கர்த்தரோட கோவத்திலதான் இருக்கன். கோவத்திலயும் கேக்கிறன்.”

யாரிடம் நான் விசுவாசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேனோ, அவவிடம் அது இருந்தது. என்னிடம் இல்லை. அந்தக் கடிதத்தைத் தொழிற்சாலை இடைவேளையில், குளிர் அறையின் வாசலில், கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நாலு தரம் வாசித்தேன்.

அந்த ஞாயிறு நானாகவே கேட்டு, மறுபடி சாட்சி சொன்னேன். சிவனேசன் பக்கத்தில் நின்றான். அண்ணனைச் சொன்னேன். கர்த்தர் காட்டியதாக நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். இரண்டாவது லொறியைச் சொன்னேன். இந்த முறை ஒருவரும் மூச்சிழுக்கவில்லை. யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். இவர்களுடைய விசுவாசத்தையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து சிவனேசன் வெளியே போய்விட்டான். இங்கா ஒரு சின்னக் கொப்பியோடு வந்து, எனக்குப் பக்கத்தில் எப்போதும் காலியாகவே இருக்கும் கதிரையில் உட்கார்ந்தாள். அவள் கேட்டதில் ‘நாவ்ன்’ என்ற ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. பெயர். என் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி என் பெயரையே மெதுவாகச் சொன்னேன். “புரூர்” என்றாள். சகோதரன். அவள் கேட்டது அண்ணனுடைய பெயரை. அவன் போனபின் நாங்கள் கேட்காத வாசல் இல்லை, ஆனால் அவன் பெயரை எங்களிடம் தானாகக் கேட்ட முதல் அந்நியர் அவள்தான். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும், நோயாளிகளின் பெயர்களையும் கடலுக்குப் போனவர்களின் பெயர்களையும் வாசித்தபின், இங்கா “ஆருல்-ரா-ஸா” என்கிறாள். சில மணி நேரத்துக்கு முன் வாவிக்கரைச் சபையில் பூரணம் அக்கா அதே பெயரைக் கோபத்தோடு சொல்லி முடித்திருப்பா. ஒருத்திக்கு மட்டக்களப்பு எந்தத் திசை என்று தெரியாது. மற்றவளுக்கு இந்தப் பனி எப்படியிருக்கும் என்று தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். ஜெபத்தில் அந்தப் பெயரை என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை, தமிழிலும் இல்லை, இவர்கள் பாஷையிலும் இல்லை. ஆமென் மட்டும் சொல்கிறேன். அங்கும் இங்கும் ஒன்றாயிருக்கும் சொல் என்னிடம் அது ஒன்றுதான்.