நான் மிசின் இல்லை என்று சொன்னவர்

போன வருடம் மே மாத மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்தது இது. அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, "இது மனுஷியே இல்லை, கள்ளத்தனமாக விளையாடும் மென்பொருள்" என்று ஒரு கூட்டமே முடிவு கட்டியது. இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, தொட்டில்களை ஆட்டித் தூங்க வைத்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. பிள்ளைக்காம்பரா மேட்டில் இருப்பதால் அதன் ஜன்னல் ஓரத்தில் மட்டும் வரும். அங்கே உட்கார்ந்து, போனின் சத்தத்தை முழுக்க அமத்திவிட்டு, போனிலேயே கரம் போர்ட் விளையாடுவேன். எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவர் எதிரில் வந்து உட்காருவார். விடிந்ததிலிருந்து "ஆயம்மா, ஆயம்மா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் காதுக்கு, யாருடைய ஆயம்மாவாகவும் இல்லாமல் இருக்கும் அந்த நேரம் அவ்வளவு சுகம். அதில் நான் கெட்டிக்காரியும்கூட. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்டன் டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, மலையகத்து ஆட்களுக்கென்று இந்தக் கரம் ஆட்டத்தில் ஒரு போட்டி நடத்தினார். அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். முதல் பரிசு ஒரு புதுப் போன். எனக்கு அது கட்டாயம் வேண்டும். என் போனை ஒரு பொடியன் சீமெந்துத் தரையில் போட்டு, திரையின் கீழே எழுத்துப் பலகை வரும் இடம் மட்டும் செத்துப்போயிருந்தது. கரம் பலகை நடுவில் வருவதால் விளையாட முடியும், ஆனால் எழுத்து அடிக்க முடியாது. கொழும்பில் வேலை செய்யும் கணவருக்குக்கூட ஒரு வரி எழுதி அனுப்ப வழியில்லாமல் இருந்தது.

அந்தப் போட்டியை ஏற்கெனவே ஒரு தடவை பாட் புகுந்து நாசமாக்கியிருந்தது. பாட் என்றால் ஆளுக்குப் பதிலாக விளையாடும் கள்ள மென்பொருள். அதுவே குறி பார்க்கும், அதுவே அடிக்கும், குறி தப்பவே தப்பாது. போனின் சொந்தக்காரர் பிளேன்டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் போதும். அதனால் இந்தத் தடவை கடைக்காரத் தம்பி ஒரு சட்டம் வைத்தார். ஆட்டம் தொடங்குமுன் அவர் பெயர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் போட்டிக்கென்று போனில் தொடங்கிய குழுவில் குரல் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். அதேபோல இதற்கும் பெரட்டு என்றே எல்லாரும் பெயர் வைத்துவிட்டார்கள்.

என் தலையெழுத்தைப் பாருங்கள். பெரட்டு கூப்பிடும் நேரம் என் பிள்ளைகள் தூங்கும் நேரம். நான் வாய் திறந்தால் ஒன்று விழிக்கும், ஒன்று விழித்தால் எல்லாம் விழிக்கும். அதனால் அவர் செய்தியின் மேல் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். எப்போது எந்தத் தொட்டில் அழும் என்று தெரியாததால் சடசடவென்று அடிப்பேன். ஜெயித்ததும் "நல்லா ஆடினீங்க" என்று ஒரு வார்த்தை இல்லாமல் ஓடிவிடுவேன். என் பெயர்கூட ஆட்டம் தானாகவே வைத்த பெயர், 'விருந்தினர்' என்றும் பின்னால் கொஞ்சம் இலக்கங்களும். தினமும் ஒரே நேரத்தில் வருகிற, பேசாத, வேகமாக அடிக்கிற, பெயரில்லாத ஒன்று. நானே எதிரில் இருந்திருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

அரையிறுதியில் எனக்கு எதிராக ஆடியவர் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. அதற்குமுன் அவரை எனக்குப் பழக்கமில்லை. நல்ல ஆட்டம். பாதியில் அவர் பக்கம் மழை அடித்து ஊற்றி, லைன் போய்விட்டது. அப்படி லைன் போனால் திரையில் ஒரு பொத்தான் வரும். 'எதிராளி விலகிவிட்டார், வெற்றியை எடுத்துக்கொள்ளவும்' என்று சொல்லும். எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் அதை அமத்துவதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டோம். மழையும் மலையை மூடும் மிஸ்ட்டும் இன்றைக்கு அவர் லைனை அறுக்கும், நாளைக்கு என் லைனை அறுக்கும். அதனால் நம் முறை வரும்போதெல்லாம் அடிக்காமல் விட்டு, எதிராளி திரும்பி வரும்வரை காத்திருப்போம். அன்றும் காத்திருந்தேன். அவர் வந்தார், ஆட்டம் தொடர்ந்தது, கடைசிக் காயில் நான் ஜெயித்தேன். உடனே ஒரு தொட்டில் அழுதது, ஓடினேன்.

திரும்பி வந்து குழுவைப் பார்த்தால் நான் ஒரு பாட் என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. "குரல் குடுக்க மாட்டாங்களாம், சாட் பண்ண மாட்டாங்களாம், மிசினு மாதிரி அடிப்பாங்களாம்" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எல்லாம் எழுந்த பிறகு, அழுகைச் சத்தத்துக்கு நடுவே, என் நிலைமையைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பினேன். "மிசினுக்குப் புள்ளைங்களும் இருக்கு போல" என்று ஒருவர் எழுதினார். அதற்கு இருபது பேர் சிரித்தார்கள். கடைக்காரத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, நீங்க ஆளுதான். ஆனா ஆடுறது நீங்கதானான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பெரட்டுல குரல் குடுக்காதவங்கள விட முடியாதுங்க." என்னை நீக்கிவிட்டு, என்னிடம் தோற்ற துணிக்கடை அக்காவை இறுதிப் போட்டிக்கு அனுப்புவதாக அறிவித்தார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. போன் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த உலகத்தில் நான் எனக்காகவே செய்கிற ஒரே காரியம் அது. அதை நான் செய்யவில்லை, ஏதோ இயந்திரம் செய்தது என்கிறார்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே மனதுக்குள் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன்.

அப்போதுதான் குழுவில் துணிக்கடை அக்காவின் குரல் வந்தது. பின்னால் மழைச் சத்தம், யாரோ சேலை விலை கேட்கும் சத்தம்.

"தம்பி, தோத்தவ நானே சொல்றேன், கேட்டுக்கங்க. அது மிசின் இல்ல. எனக்கு லைன் போயிருச்சு. திரும்பி வந்து பாக்குறேன், காய் எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கு. எந்த மிசினுய்யா நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்?"

தம்பி விடவில்லை. "அவங்க லைனும் அந்த நேரம் போயிருக்கலாமேக்கா. ரூல்ஸ்படி நீங்கதான் பைனல்."

"ஆடாம கெடைக்கிற பைனல் எனக்கு வேணாங்க. அப்பிடி வாங்குன போன்ல நான் யாருக்கு ஹலோ சொல்றது?"

அந்தக் குரல் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். முகம்கூடத் தெரியாத ஒருத்தர், தன் கைக்கு வந்த பரிசைத் தள்ளிவிட்டு, எனக்காக வாதாடுகிறார். கடைசியில் தம்பி இறங்கி வந்தார். நாங்கள் இருவரும் மறுபடி ஆடுவது, ஜெயிப்பவர் இறுதிப் போட்டிக்குப் போவது என்று முடிவானது.

மறு ஆட்டத்தன்று அதிசயமாக வெயில் அடித்தது. பிள்ளைகள் தூங்கினார்கள், நான் ஜன்னலில் உட்கார்ந்தேன். நான் நன்றாகவே முன்னால் இருந்தேன். திடீரென்று அக்காவின் லைன் போனது. மழை இல்லை, காற்றுகூட இல்லை, இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. திரையில் அந்தப் பொத்தான் வந்து நின்றது. அதே நேரம் மூலைத் தொட்டிலில் ஒன்று சிணுங்க ஆரம்பித்தது.

ஒரு விரல் பட்டால் போதும். ஆட்டம் முடியும், இறுதிப் போட்டி கிடைக்கும், பிள்ளையிடம் ஓடலாம். யாரும் குற்றம் சொல்லவும் முடியாது, ஆட்டமே கொடுக்கும் பொத்தான்தானே. ஆசை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்காக வாதாடிய அந்தக் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். என் முறை வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. "வாங்கக்கா, சீக்கிரம் வாங்களேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். பிள்ளை அடங்கிய பிறகு பார்த்தால் அக்கா திரும்பி வந்திருந்தார். ஆடி முடித்தோம், நான் ஜெயித்தேன்.

சாயங்காலம் குழுவில் தம்பியிடமிருந்து ஓர் அறிவிப்பு. விருந்தினர் அக்கா உண்மையான ஆட்டக்காரர், சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கவும். இறுதிப் போட்டிக்கு வந்திருந்த இன்னொரு ஆட்டக்காரர் விலக்கப்படுகிறார், அவர் ஆடியது பாட் வைத்து. அறிவிப்பை மறுபடி படித்தேன். அந்த இன்னொருவர் பெரட்டில் எல்லாருக்கும் முந்திக் கணீரென்று "வணக்கம் உறவுகளே" என்று குரல் கொடுப்பவர். என்னைப் பற்றி முதலில் புகார் சொன்னவரும் அவரேதான்.

என்ன நடந்தது என்று துணிக்கடை அக்காவே நேரில் வந்து சொன்னார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்த உறவுக்காரரைப் பார்க்க வந்தவர், அப்படியே விசாரித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்துவிட்டார். பிள்ளைகள் தூங்கும் நேரம். வாசலில் ஒரு புது முகம், நனைந்த குடை, கையில் பிஸ்கட் பொட்டலம். உள்ளே வரிசையாகத் தொங்கும் தொட்டில்களை ஒரு தடவை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைபோல உள்ளே வந்து, என் காதருகே கேட்டார்.

"இதானா அந்த மிசினு?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து கிசுகிசுத்தே எல்லாம் சொன்னார். அன்று அவருக்கு லைன் போகவில்லை. கடைக்காரத் தம்பியிடம் மட்டும் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே போனில் டேட்டாவை நிறுத்தியிருக்கிறார். அதையே அந்தக் கணீர்க் குரல்காரரோடும், பழகிப் பார்க்க ஓர் ஆட்டம் என்று கூப்பிட்டுச் செய்திருக்கிறார்.

"லைன் போன மறுநொடி அவரு பக்கம் அந்தப் பொத்தான அமத்தியாச்சு. சரி, அவசரக்கார மனுசனாக்கும்னு மறுபடி ஆடுனேன். மறுபடியும் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அமத்தியாச்சு. எத்தன தடவ வச்சாலும் அதே வேகம். தம்பி போன் போட்டுக் கேட்டாரு, அந்த ஆளு பேச்சே வராம குரூப்ப விட்டுப் போயிட்டாரு."

"நானும் அன்னைக்கு அமத்தியிருந்தா என்னக்கா செஞ்சிருப்பீங்க?"

"கொஞ்சம் யோசிச்சு அமத்துனா அது ஆசப்பட்ட மனுசங்க. அதுல தப்பில்ல. யோசிக்காம அமத்துறதுதான் மிசினு. நீங்கதான் அமத்தவே இல்லையே."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிள்ளைகள் விழித்துவிடும் என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். தோற்றால் தானே வெளியே போக வேண்டிய ஆட்டத்தை, அதுவும் தோற்றுக்கொண்டிருக்கும்போதே, எனக்குச் சாட்சியாக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அவருக்கும் பரிசு தேவைதான். மகள் படிப்புக்குப் போன் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

இடம் ஒன்று காலியானதால், இறுதிப் போட்டி எனக்கும் அவருக்குமே வந்தது. அன்றைக்குப் பேய் மழை. இந்தத் தடவை பெரட்டில் எனக்குக் குரல் கேட்கவில்லை, கட்டைவிரலே போதும் என்று தம்பி சொல்லிவிட்டார். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் என் லைன் போனது. உண்மையிலேயே போனது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன், ஒன்றும் பலிக்கவில்லை. இவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள், இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மழை கொஞ்சம் விட்டு லைன் வந்தபோது பயந்து பயந்து திரையைப் பார்த்தேன். காய்கள் எல்லாம் நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தன.

பிறகு அவர் என்னை நன்றாகவே தோற்கடித்தார். இரக்கமெல்லாம் காட்டவில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. போன் அவர் மகளுக்குப் போனது. நான் தீபாவளிக்கு வந்த கணவரோடு டவுனுக்குப் போய் என் போனின் திரையை மாற்றிக்கொண்டேன்.

இப்போதும் மத்தியான நேரங்களில் விளையாடுகிறேன். மழையில் யாராவது ஒருவரின் லைன் அறுந்து, திரையில் அந்தப் பொத்தான் வரும்போதெல்லாம், எங்கேயோ ஒரு ஜன்னலில் யாரோ போனை மழைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது; அவர் வரும்வரை என் விரல் அசைவதில்லை.