வேகாத கட்டை

உளியால் பலகை விளிம்பிலிருந்த பட்டையைப் பெயர்த்து, அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டித் திட்டிக்கொண்டிருந்தார் அக்கா. "பாத்தீங்களா, புழு நெளியுது! இதுக்கு ஓசியில கப்பல் பயணம் வேறயா?"

சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைத்துக் கப்பலேற்றும் பேலட் என்ற மரத்தட்டுகளைச் செய்யும் பட்டறை எங்களுடையது. அவற்றை வேகவைக்கும் சூட்டறை அக்காவின் பொறுப்பு. கட்டையின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் இருந்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் புழு சாகும். அப்புறம்தான் கட்டையில் முத்திரை; அது இல்லாத தட்டைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். முதலாளி இவரைவிடப் பத்து வயது மூத்தவர். காரியம் ஆகவேண்டுமென்றால் அவருக்கும் இவர் அக்காதான்.

பிடிவாதக்காரி, சந்தேகமே இல்லை. சாப்பிடும்போதும் சூட்டறைக் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். பேச்சுக் கொடுத்தால், "சும்மா இருங்க, உள்ள வெந்துகிட்டிருக்கு" என்பார். வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

அன்று மத்தியானம் வீட்டுக்காரருக்கு மருந்து வாங்க அக்கா வெளியே போயிருந்தார். வாசலில் லாரி காத்திருந்தது. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கட்டைக்குள் செருகியிருந்த சூடு பார்க்கும் கம்பியை உருவி, அறைக்குள்ளேயே காற்றில் தொங்கவிட்டார். காற்றின் சூடு கட்டையின் சூடாகப் பதிவாகிவிட்டது. நாற்பது பேலட்டுக்கும் முத்திரை விழுந்தது. என்ன அநியாயம்! அதற்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தவன் நான். வெட்கக்கேடு.

திரும்பி வந்த அக்கா பதிவுத்தாளைப் பார்த்தார். "கட்டை இவ்ளோ சீக்கிரம் சூடாகுமா? யாரு காதுல பூ சுத்துறீங்க?"

"ஒரே ஒரு தடவைதானேக்கா! புழு என்ன, ஊரையா முழுங்கிடப் போகுது?" என்றார் முதலாளி.

"முழுங்கும்! இது போய் இறங்குற நாட்டு மரத்துக்கு இந்தப் புழுவப் பழக்கமே இல்ல. காடு மொத்தமும் நின்ன இடத்துலயே பட்டுப்போகும். அப்ப யாரு பதில் சொல்றது, நீங்களா?"

முதலாளியின் முகம் சிவந்தது. "சரக்கு இப்பவே போகுது. நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

அக்கா மருந்துப் பையை மேசைமேல் வைத்துவிட்டு லாரியருகே அடுக்கியிருந்த பேலட்டுகளிடம் போனார்.

"நாளையிலேருந்துதானே? இன்னிக்கு வேலை இருக்குல்ல?"

மரம் தேய்க்கும் கிரைண்டரை ஓடவிட்டு, முதல் முத்திரையின்மேல் வைத்து அழுத்தினார்.