போளூரில் இரண்டு முறை ஓடிய நானூறு மீட்டர்

காலை ஆறரைக்கு ஆரணி பேருந்து நிலையத்திலிருந்து போளூர் தனியார் பேருந்து கிளம்பியது. ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் நானூறு மீட்டர் ஓடப் போகிறாள். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாவட்டப் போட்டி. அதற்காக ஒரு வருடமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருடமே போயிருக்க வேண்டியவள். முதலாவதாக ஓடி வந்தவள், எல்லையில் குறுக்கே பிடித்திருந்த நூலைக் கண்டதும் சட்டென்று நின்று, குனிந்து, அதற்கடியில் நுழைந்தாள். அதற்குள் மூன்று பேர் முந்திவிட்டார்கள். மைதானமே சிரித்தது. அவள்மேல் என்ன தப்பு? எங்கள் தெருவில் விடிந்தால் தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை, பாவு என்போம், நீளமாக இழுத்துக் கட்டிச் சீர்செய்வார்கள். இழுத்துக் கட்டிய இழையில் உடம்பு படக் கூடாது என்பது நெசவு வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகும்போதே படிக்கிற பாடம். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் தினமும் விடியலில் நானும் என் வீட்டுக்காரரும் கழிவு இழையைத் தெருவில் குறுக்கே பிடித்து நின்றோம். அவள் மார்பால் அறுத்துக்கொண்டு ஓடுவாள். அறுபடும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாள் முழுக்கத் தறியில் இழை காக்கிற மனுஷன், பாவம்.

களம்பூரில் அரிசி ஆலைகளைத் தாண்டும்போது பக்கத்து இருக்கை அம்மாள் விசாரித்தாள். வெயிலில் ஓடினால் பொண்ணு கருத்துப்போவாளே என்று கவலைப்பட்டாள். கருத்தால் கருக்கட்டும் என்றேன்.

எட்டு மணிக்கு மைதானம் சேர்ந்தோம். ஒன்பதுக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். நாற்காலிகள் பந்தலுக்குள். தண்ணீர் கேனும் பந்தலுக்குள். அவருடைய கார் ஓடுபாதையின் மேலேயே வந்து நின்றது, சுண்ணாம்புக் கோடெல்லாம் அழிந்தது. கேட்க நாதியில்லை.

பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதினார்கள். வெறுங்காலோடு ஓடினாள் என் பெண். கடைசி வளைவில் எல்லோரையும் முந்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லைக்கு வந்தாள். அங்கே நூலும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. விருந்தினரை வழியனுப்ப, விசில் ஊதியவரோடு சேர்த்து அத்தனை பேரும் வாசலுக்குப் போயிருந்தார்கள்.

பொறுப்பாளரைப் பிடித்துக் கேட்டேன். “ஐயாவ அனுப்பிகினு இருந்தோங்க. யாரு மொதல்ல வந்தாங்கன்னு பாக்கல. அரை மணி கழிச்சு இன்னொரு தபா ஓடட்டும்” என்றார், டீ இன்னொரு டம்ளர் போடச் சொல்கிற மாதிரி.

“பாக்க ஆளில்லாம எதுக்குங்க ஓட வுட்டீங்க?” என்று கத்தியேவிட்டேன். கூட்டம் கூடியது. யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வுடும்மா. நீ சண்ட போட்டுகினு இருந்தா என் காலு ஆறிப்போவும். ஓடிட்டு வந்துடறேன்.”

இரண்டாவது முறை எல்லையில் நூலைப் பிடித்து இரண்டு பேர் சிரித்தபடி நின்றார்கள். யாழினிக்கு உள்ளங்காலில் கொப்புளம் கண்டிருந்தது. மூன்றாவதாக வந்தாள். நூலை அறுத்த பெண்ணின்மேல் எனக்குக் கோபமில்லை, அவளும்தானே இரண்டு தடவை ஓடினாள்.

திரும்பும் பேருந்தில் மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். எங்கள் தெருவில் பாவில் ஓர் இழை அறுந்தால் நாலு வீட்டுக்காரர்கள் முடிச்சுப் போட ஓடி வருவார்கள். அந்த மைதானத்தில் ஒரு பிள்ளை முதலில் ஓடி வந்ததைப் பார்க்க ஒரு கண் இல்லை.

மறுநாள் விடியலில் காலில் துணி சுற்றிக்கொண்டு எழுப்பினாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

“ஓடலம்மா, நடந்துதான் வரப்போறேன். நீ நூலப் பிடி.”

பிடித்தோம். நொண்டி நொண்டி நடந்து வந்து அறுத்தாள். அவளுடைய அப்பா அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.