ஒரு பல் முன்னால்

எங்கள் கிணறு பெரியப்பா மகனுக்கும் எனக்கும் பொது. கல்வராயன் மலையடிவாரத்தில், கரண்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கிற நிலம். கிணற்றுமேட்டு ஆயில் இன்ஜினும் பொதுதான். ஒருநாள் அவர் முறை, மறுநாள் என் முறை. போன கோடையில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்காமலே ஓட்டி அதைப் பழுதாக்கி நிறுத்தியவர் அவர். ஆனால் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, ஊரே வரிசையில் நிற்கும்போது என்னைக் காட்டிப் பேசினார்.

"ஆயில் ஊத்தாம ஓட்டிக்கினு இருந்து இன்ஜினைத் தீத்துட்டான். இவன்லாம் ஒரு மெக்கானிக்கு!"

கள்ளக்குறிச்சி டிராக்டர் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். கூழைக் குடிக்காமல் வந்துவிட்டேன். நானே பிரித்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன பெரிய மனசு என்றார்கள். மண்ணாங்கட்டி மனசு.

பிஸ்டன், தண்டு சுழலும் புஷ் எல்லாம் புதிது போட்டேன். டீசல் பாயும் நேரத்தைக் கணக்காக வைக்கிற கேம் ஷாஃப்டுக்குத்தான் பொறுமை வேண்டும். அதன் மேடுகளில் ஆயில் தடவி, புஷ்ஷில் இடிக்காமல் மெல்லச் சுழற்றி உள்ளே விட வேண்டும். கேம் பல்சக்கரத்தின் புள்ளி, கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளியோடு நேருக்கு நேர் சேர வேண்டும். ஒரு பல் முன்னால் போனால் டீசல் முந்திப் பாயும். ஸ்டார்ட் பண்ணச் சுற்றுகிறவனை ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு போய்விடும்.

புள்ளியோடு புள்ளியைச் சேர்த்தேன். பிறகு வெளியே இழுத்து, வேண்டுமென்றே ஒரு பல் முன்னால் தள்ளி மாட்டினேன். மறுநாள் அவர் முறை. கவரை மூடி போல்ட்டை முறுக்கும்போது அவர் அலறுவதை நினைத்துப் பார்த்தேன். சுகமாக இருந்தது.

காலையில் கற்பூரமும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். ஊர்க்காரர்கள் நாலு பேரும் கூட வந்திருந்தார்கள். கற்பூரத்தை ஏற்றிவிட்டு ஹேண்டிலை என்னிடம் நீட்டினார்.

"செஞ்சவன் கையாலதான் மொதல்ல ஸ்டார்ட் பண்ணணும். சுத்துடா தம்பி."

பட்டறையில் நானே எத்தனையோ முறை செய்த வழக்கம் அது. ஆத்திரத்தில் மறந்து தொலைத்திருந்தேன். கேமைத் தப்பாக மாட்டிவிட்டேன் என்று சொன்னால் கை பிழைக்கும். ஆனால் அவர் கோயிலில் சொன்னது உண்மையாகிவிடும். வாங்கிச் சுற்றினேன். வேகம் பிடித்ததும் ஹேண்டில் மணிக்கட்டில் திருப்பி அடித்தது.

அவர்தான் பைக்கில் வைத்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாவுக்கட்டு போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். டீயை ஆற்றி வாயில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வர வேண்டிய அடிடா இது. ஆயில் பாக்காம வுட்டது நான்தான். கோயில்ல வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மனசுல வச்சிக்காத."

இதைத்தான் ஊர் முன்னால் அவர் சொல்லியிருக்க வேண்டும். கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை. "பரவால்லண்ணா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒற்றைக் கையால் கவரைப் பிரித்து, புள்ளிக்குப் புள்ளி சரியாக வைத்து மாட்டினேன். இந்த முறை அவர் சுற்றினார். உடனே பிடித்துக்கொண்டது. அதே நாலு பேரும் கைதட்டினார்கள்.

"இன்னா இருந்தாலும் பெரியவர் கை பட்டாத்தான் ஸ்டார்ட் ஆவுது" என்றார் ஒருவர்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒரு பல் தள்ளி மாட்டியதை நான் சொல்லவில்லை, இப்போது சரியாக மாட்டியது தம்பிதான் என்று அவரும் சொல்லவில்லை. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.