ஒரு தடவை அமுக்கினால் போதும்

ஒரகடத்தில் ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் மாடியில் எனக்கு வேலை. தொழிற்சாலை லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்றாக மாட்டுகிற சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை எங்கள் கம்பெனி செய்கிறது. பெட்டிக்குள் ஓடும் கெர்னலை, அதாவது அதன் அடிப்படை மென்பொருளை, பார்த்துக்கொள்வது நான். வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு மேல் விளக்க எனக்கும் பொறுமை கிடையாது, கேட்பவர்களுக்கும் கிடையாது.

ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பெட்டியோடு சேர்ந்த எந்தச் சாதனமும் ப்ராசசரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைக் கூப்பிட வேண்டும். அதற்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். கூப்பிட ஒரு கம்பி வேண்டும். எங்கள் சிப்பில் நான்கு கம்பிகள்தான் மிச்சம் இருந்தன. எந்தச் சாதனத்துக்கு எந்தக் கம்பி என்று பங்கு பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

போல்ட் முறுக்கும் மெஷினுக்கு ஒன்று கொடுத்தேன். நெட்வொர்க்குக்கு ஒன்று. கைரேகை வைக்கிற கருவி ஒன்றைப் பிற்பாடு வாங்கலாம் என்று அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு மீட்டிங்கில் சொல்லியிருந்தார்கள், அதற்காக ஒன்றை ஒதுக்கி வைத்தேன். மிச்சமிருந்த ஒன்றை பார்கோடு ஸ்கேனரும் மஞ்சள் பட்டனும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று விட்டேன். மஞ்சள் பட்டன் என்பது ஸ்டேஷனில் நிற்பவர் ஏதாவது தப்பாக இருந்தால் டீம் லீடரைக் கூப்பிடுவதற்கு. ஒரு ஷிஃப்ட்டில் ஒன்றிரண்டு தடவை அமுக்கினால் அதிகம். அதற்கெதற்குத் தனிக் கம்பி என்று யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் அட்டவணையை நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தப் பெட்டிகள் கார் சீட் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போயின. மாட்டுவதற்கு நானும் போனேன். இரண்டு நாள் ஒரு ஸ்டேஷனிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்த்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். ஒப்பந்தத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேரோடு இருந்தாள். அடுத்த மாதம் லைனில் ஆறு பேரை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள், அந்தப் பட்டியலில் தன் பெயரும் இருக்கிறது என்று முதல் நாளே சொன்னாள்.

"பர்மனென்ட் ஆயிட்டா தனியா ஒரு ரூம் எடுத்துருவேன்க்கா. கதவச் சாத்திட்டுத் தூங்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

அவளுடைய வேகத்தை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. ஒரு சீட் வந்து போக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வலது கையில் ஸ்கேனர் லேபிளைத் தேடிப் போகும்போதே இடது கை அடுத்த போல்ட்டை எடுத்திருக்கும். என்னிடம் பேசிக்கொண்டே செய்வாள். கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு, பெட்டி ஏதாவது மக்கர் பண்ணினால் கூப்பிடுகிறேன் என்றாள்.

பெட்டி மக்கர் பண்ணியது. ஸ்கேனர் சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது, பெட்டியை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது என்று சூப்பர்வைசர் புகார் அனுப்பினார். அது அவள் ஸ்டேஷனிலிருந்துதான் வந்தது. இரண்டு நாள் பார்த்தேன், காரணம் பிடிபடவில்லை. மேனேஜர் மணிக்கொரு தடவை வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். எரிச்சலில் ஒரு ஒட்டு வேலை செய்தேன். ஸ்கேனர் கம்பியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையென்றால் அங்கே தேங்கியிருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று எழுதினேன். ஸ்கேனர் அதன் பிறகு நிற்கவே இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள். துடைத்தது என்னவென்று நான் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். பெல்ட் மாட்டும் இடத்தில் தப்பான போல்ட் போட்ட சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் போய்விட்டன. சரியான போல்ட்டின் தலையில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், இவற்றில் அது இல்லை. விசாரணைக்குப் பெட்டியின் பதிவுகளோடு வரச் சொன்னார்கள். கண்ணாடி அறை, ஏசி, ஒரு தட்டில் பிஸ்கட். ஹெச்.ஆரிலிருந்து ஒருவர், லைன் சூப்பர்வைசர், நான். எதிரே அவள், தலையில் வலைத்தொப்பியோடு.

"புள்ளி இல்லன்னு பாத்தேன் சார். பட்டன அமுக்குனேன். அமுக்கிட்டு வேலையப் பாக்கணும், லீடர் வருவாருன்னுதான சொல்லியிருக்கிய. லைட்டு எனக்குப் பின்னால மேல கெடக்கு, திரும்பிப் பாக்கதுக்குள்ள அடுத்த சீட்டு வந்துட்டு" என்றாள்.

"லீடர் வரலைன்னா திரும்ப அமுக்க வேண்டியதுதானே?" என்றார் ஹெச்.ஆர்.

"ரெண்டாவது அமுக்குனா கேன்சல் ஆயிரும்லா சார்."

அது உண்மை. முதல் தடவை அமுக்கினால் மஞ்சள் விளக்கு எரியும், இரண்டாவது தடவை அமுக்கினால் அணையும். லீடர் வந்து அணைப்பதற்காக அப்படி வைத்திருந்தோம். பதற்றத்தில் திரும்பத் திரும்ப அமுக்கி அணைத்துவிடுவார்கள் என்பதால், பெட்டி மாட்டிய அன்று எல்லோரையும் நிற்க வைத்து, ஒரு தடவை அமுக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தோம். சொன்னது நான். அவள் முன்வரிசையில் நின்று தலையாட்டினாள்.

எப்படி அமுக்கினாய் என்று கேட்டார்கள். காற்றில் செய்து காட்டினாள். வலது கை ஸ்கேனரைப் பிடித்தபடி முன்னால் போனது, இடது கை பக்கவாட்டில் போய் அமுக்கியது. நானும் பார்த்தேன். பார்த்தேன் என்பதோடு சரி.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "இன்னாமா, பட்டன அமுக்குனது லாக்ல கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

பதிவில் இல்லை. அந்த ஷிஃப்ட் முழுக்க அந்த ஸ்டேஷனில் பட்டன் அமுக்கப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை. இல்லை என்று சொன்னேன்.

"பெட்டியில் ஏதாவது பிரச்சினை இருக்க வாய்ப்பு இருக்கா மேடம்?" என்று ஹெச்.ஆர் கேட்டார். சோதித்துவிட்டேன், பட்டன் ஒவ்வொரு தடவையும் வேலை செய்கிறது என்றேன். சோதித்தது உண்மைதான். ஸ்கேன் செய்து, ஸ்கேனரை மேஜைமேல் வைத்து, பிறகு பட்டனை அமுக்கினேன். அவசரம் இல்லாதவர்கள் அப்படித்தான் அமுக்குவார்கள்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அமுக்குனேன்க்கா" என்றாள். அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இருப்பதைச் சொன்னோம், இதில் நமக்கென்ன என்று ஒரு மரத்துப்போன நிம்மதிதான் இருந்தது. பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன்.

நிரந்தரப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போனது. ஒப்பந்தம் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்று பெட்டி பழுதுபார்க்கப் போன எங்கள் ஆள் வந்து சொன்னார். அப்போது நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஊறுகாயைப் பிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே மாடல் பெட்டியில் இன்னொரு தொழிற்சாலைக்காக ஸ்கேனரைச் சோதிக்க வேண்டியிருந்தது. நூறு லேபிள். எங்களை வீட்டுக்கு ஏற்றிப்போகும் வேன் ஐந்தரைக்குக் கிளம்பும், மணி ஐந்தாகிவிட்டது. ஸ்கேனரை வைத்து வைத்து எடுக்கப் பொறுமை இல்லை. வலது கையில் ஸ்கேனரும் இடது கையில் பட்டனுமாகச் சேர்த்தே அடித்துக்கொண்டு போனேன். எழுபது லேபிள் தாண்டியிருக்கும். பட்டனை அமுக்கினேன், விளக்கு எரியவில்லை.

ஐந்தரை வேன் போய்விட்டது. நான் உட்கார்ந்திருந்தேன். என் வாடகை வீட்டில் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல்தான். அடித்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்ப்போம், அவர்களுக்கா எங்களுக்கா என்று. கெர்னலிலும் அப்படித்தான் எழுத வேண்டும். ஒரு கம்பியில் இருவர் இருந்தால், சத்தம் கேட்டதும் இருவரையும் விசாரிக்க வேண்டும். நான் முதலில் ஸ்கேனரைக் கேட்டேன். நீயா என்றேன், ஆமாம் என்றது. அதன் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதே கணத்தில் பட்டனும் கூப்பிட்டிருந்தால் அது அங்கேயே காத்துக் கிடக்கும். அது கம்பியை விடாததால் ஸ்கேனரின் அடுத்த சத்தமும் கேட்காது. முதலில் ஸ்கேனர் நின்றது அதனால்தான். பிறகு என் ஒட்டு வேலை வந்து காத்துக் கிடந்ததைத் துடைத்துப் போட்டது, பதிவில் ஏறுவதற்கு முன்பாகவே.

இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டுமென்றால் இரண்டு கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அந்த லைனில் அப்படி வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கண்ணாடி அறையில் அவள் காற்றில் நீட்டிய இரண்டு கைகளும் அப்போதுதான் எனக்கு உண்மையில் தெரிந்தன. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பயந்தது எனக்காகத்தான், அவளுக்காக இல்லை.

திருத்த மூன்று வரி போதுமாக இருந்தது. கைரேகைக் கருவியை அவர்கள் கடைசிவரை வாங்கவில்லை. அதற்காக ஒதுக்கிய கம்பி இத்தனை நாளும் சும்மாதான் கிடந்தது. பட்டனை அதற்கு மாற்றினேன். இரண்டு கையாலும் இருநூறு தடவை அடித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறாமல் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எழுத்துல எதுவும் வாணாம்மா. அடுத்த அப்டேட்ல போட்டு அனுப்பிடு. அவங்களே மறந்துட்டாங்க, நாம எதுக்குக் கிளறணும்?" என்றார். கெட்டவர் இல்லை. எங்கள் கம்பெனியில் மொத்தமே பதினான்கு பேர்.

அப்டேட் போனது. என்ன மாற்றம் என்று கேட்கும் இடத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன்.

ஆனால் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தேன். மறைமலை நகரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் தினக்கூலிக்குப் போகிறாளாம். நடந்ததைச் சொன்னேன். கம்பி, கெர்னல் எல்லாம் இல்லை, பெட்டியில்தான் தப்பு, நீ அமுக்கியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நானே அமுக்கலியோன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டேன்க்கா" என்றாள்.

பிறகு கேட்டாள். "அந்தப் பழைய கம்பெனில அடுத்த பேட்ச் எடுக்காவளாம். மிசின்லதான் தப்புன்னு ஒரு பேப்பர் இருந்தா திரும்பச் சேத்துக்கிடுவோம்னு சூப்பர்வைசர் சொல்லுதாரு. வர்ற வெள்ளிக்கெழமைதான் கடைசி. நீங்க எழுதித் தருவியளாக்கா?"

"பார்க்கிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதினேன். அரைப் பக்கம்தான். கீழே என் பெயரைப் போட்டேன், கையெழுத்து மட்டும் போடவில்லை. கையெழுத்துப் போட்டால் என் வேலை போய்விடும் என்று உறுதியாகத் தெரியாது. போகாது என்றும் உறுதியாகத் தெரியாது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அந்தத் தாள் என் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஆபீஸுக்கு வந்துபோனது. வியாழக்கிழமை குழம்பு சிந்தி ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. அவள் பெயர் திரையில் தெரிந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது அதிர்ந்து அதிர்ந்து மேஜையின் ஓரம்வரை நகர்ந்து நின்றது.

அன்று முழுக்க போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டால் எடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் கூப்பிடவில்லை. ஒரு தடவை போதும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.