ரோஸ்லினைச் சாப்பிடக் கூப்பிட்டேன்

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் என்னால் மேலே சொல்ல முடியாது. பேய், ஆவி எதையும் நம்பியவன் இல்லை நான். மலேசியாவில் குளுவாங் நகரில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எது கெட்டாலும் அதற்கொரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் மதம்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் டெங்கிக் காய்ச்சலில் இறந்ததிலிருந்து என் மகள் தர்ஷினி சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டிகளை அடுக்கி ஊரே கட்டுகிற ஒரு விளையாட்டுக்கு, இருவரும் எங்கள் ஹாலில் பழைய கணினியில் சொந்தமாக சர்வர் வைத்திருந்தார்கள். பள்ளித் தோழிகள் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து அதில்தான் கூடுவார்கள். தர்ஷினியை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "அஞ்சு நிமிஷம் லா பா, மம்மிகிட்ட சொல்லுங்க" என்பாள். சோறு ஆறிப்போகும். பிள்ளை எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள்.

கத்திப் பயனில்லை என்று நானே ஒரு பிளகின் எழுதினேன். சர்வரோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல். ஏழரைக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி "சாப்பிட வா" என்று மூன்று முறை திரையில் கூப்பிடும், பிறகு எல்லாரையும் வெளியே தள்ளும். சர்வரின் கோப்புறையில் அதைப் போட்டு, சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். ஒரு தப்பு நடந்துவிட்டது. அந்நேரம் விளையாடுகிறவர்களின் பெயர்களை எடுக்காமல், உள்ளே வர அனுமதி உள்ளவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். ரோஸ்லின் பெயரைத் தர்ஷினி நீக்கவே இல்லை.

ஏழரைக்கு வந்தது. "ரோஸ்லின், சாப்பிட வா." மூன்று முறை.

எங்கள் வீட்டில் திதியன்று இலை போட்டு, இறந்தவர்களைப் பெயர் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுவோம். ரோஸ்லின் வீட்டார் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு அந்த வழக்கமில்லை. செத்த பிறகு அந்தப் பிள்ளையை யாருமே சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

"என்னப்பா செஞ்சி வச்சிருக்கீங்க?" தர்ஷினி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தோழிகள் எல்லாரும் வெளியேறியிருந்தார்கள். ரோஸ்லின் உள்ளே வந்தாள் என்று திரை காட்டியது. அடியில் ஒரு வரி: "வரேன் அங்கிள்."

யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று சர்வரின் பதிவைப் பார்த்தேன். அந்த இணைப்பு வெளியிலிருந்து வரவில்லை, எங்கள் ஹாலில் இருந்த அதே கணினியிலிருந்து வந்திருந்தது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

தர்ஷினி போய் ரோஸ்லினின் அம்மா மேரியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள், பிளகினை அழிக்க உட்கார்ந்தபோது, மேரி தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"ஒரே ஒரு தடவ என் புள்ளைய கூப்பிடுங்கண்ணே."

எப்படி மறுப்பது? ஏழரை ஆனது, பிளகின் கூப்பிட்டது, அவளும் வந்தாள். மேரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: "அம்மாடி, கோழிப் பிரட்டல் செஞ்சிருக்கேன். வீட்டுக்கு வா."

பதில் உடனே வந்தது. "நீங்க கூப்பிடவே இல்லையேம்மா. நான் இங்கயே சாப்பிட்டுக்கிறேன்."

மேரி தூக்குச்சட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார். அன்றே பிளகினை அழித்தேன், கணினியையும் உடைத்துப் போட்டேன்.

ஆனால் மேரி விடவில்லை. இன்றும் தினம் ஏழரைக்குத் தன் வீட்டு வாசலில் நின்று, "ரோஸ்லின், சாப்பிட வாம்மா" என்று கூப்பிடுகிறார். எங்கள் வீட்டு மேசையில், தட்டில் கைவைக்காமல், தலை நிமிராமல், தர்ஷினி மெதுவாகப் பதில் சொல்கிறாள்:

"சாப்பிட்டுட்டேம்மா."

கேட்டால், தான் வாயே திறக்கவில்லை என்கிறாள். என் மனைவியை அவள் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை, மம்மி என்றுதான்.